பிழையாகச் சந்தேகிக்கப்பட்ட மூவர்: 'கானூன்' (1960) திரைப்படமும் மரண தண்டனை விவாதமும்

பி. ஆர். சோப்ரா இயக்கி 1960-இல் வெளிவந்த 'கானூன்' என்ற இந்தித் திரைப்படம், பாடல்களே இல்லாத படம் என்பதற்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதனை ஒரு துணிச்சலான வடிவச் சோதனை எனப் பாராட்டுவோர் உண்டு. அதன் இறுதித் திருப்பத்தை மலிவான உத்தி எனக் குறைகூறுவோரும் உண்டு. இவ்விரு மதிப்பீடுகளும் படத்தின் மையக் கேள்வியைத் தொடுவதில்லை. 'சட்டம்' என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படத்தை, சுதந்திர இந்தியாவின் தொடக்க ஆண்டுகளில் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நிகழ்ந்த மரண தண்டனை விவாதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, குறைகூறப்படும் அந்த இறுதித் திருப்பமே படத்தின் மிக வலுவான வாதமாக நிற்பதைக் காணலாம். அதே திருப்பம் படத்தின் வரம்பையும் வெளிப்படுத்துகிறது.

படம் ஒரு கொலை வழக்கு விசாரணையோடு தொடங்குகிறது. கணபத் என்பவரைக் கொன்றதாகக் காளிதாஸ் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். இவ்வேடத்தில் நடித்தவர் ஜீவன். கணபத்தைக் கொன்றதாக இதே காளிதாஸ் முன்பே தண்டிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் சிறையில் கழித்தவர். இறந்துவிட்டதாக நீதிமன்றம் தீர்மானித்த கணபத்தோ அக்காலம் முழுவதும் உயிரோடு இருந்திருக்கிறார். விடுதலையான பின் காளிதாஸ் உண்மையாகவே அவரைக் கொல்கிறார். அக்குற்றத்துக்குரிய தண்டனையைத் தாம் முன்கூட்டியே அனுபவித்துவிட்டதாக வாதிடும் அவர், இழந்த பத்தாண்டுகளைச் சட்டம் திருப்பித் தருமா என்று நீதிபதி பத்ரி பிரசாத்தை நோக்கிக் கேட்கிறார். விடை கிடைக்கும் முன்பே நீதிமன்றத்தில் விழுந்து இறக்கிறார். நீதிபதியாக நடித்த அசோக் குமாரின் முகத்தில் அக்கேள்வி படம் முடியும்வரை நிழலாடுகிறது.

இதன் பின்னரே முதன்மைக் கதை தொடங்குகிறது. கொலை செய்துவிட்டுச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப இயலுமா என்பது பற்றி நீதிபதிகளிடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. பத்ரி பிரசாத்தின் மருமகனாக வரவிருக்கும் இளம் வழக்கறிஞர் கைலாஷ் (இராஜேந்திர குமார்), வட்டிக்கடைக்காரர் தனிராமின் வீட்டிற்கு ஒரு வேலையாகச் செல்கிறார். அங்கு மறைந்திருக்க நேர்ந்தபோது, பத்ரி பிரசாத்தே வந்து தனிராமைக் கொல்வதைத் தம் கண்ணால் காண்கிறார். அதே இரவில் திருட வந்த காலியா என்ற ஏழை (நானா பல்ஷிகர்) பிணத்தைக் கண்டு அஞ்சி ஓடுகையில் காவலரிடம் பிடிபடுகிறார். கொலைப்பழி அவர் மீது விழுகிறது. வழக்கை விசாரிப்பவர் பத்ரி பிரசாத். காலியாவுக்காக வாதிடுபவர் கைலாஷ். ஒரு கட்டத்தில் கைலாஷ் நீதிபதியின் மீதே குற்றம் சாட்டுகிறார். இறுதியில், பத்ரி பிரசாத்தை அச்சில் வார்த்தாற்போன்ற உருவம் கொண்ட வேறொருவரே கொலையாளி என்பது தெரியவருகிறது.

பிழையாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிய மர்மப் படமாக இது தோன்றினாலும், உண்மையில் இங்கு அத்தகையோர் மூவர் உள்ளனர். செய்யாத கொலைக்காகத் தண்டனை அனுபவித்த காளிதாஸ், சூழ்நிலைச் சாட்சியத்தில் சிக்கிய காலியா, நேர்மையான ஒருவரின் கண்சாட்சியால் குற்றவாளியாகத் தோன்றிய பத்ரி பிரசாத். மூன்றும் ஒரே பிழையின் மூன்று படிகள் அல்ல; சாட்சியச் சட்டத்தின் மூன்று வெவ்வேறு இடங்களில் நிகழக்கூடிய பிழைகள். அவற்றைத் தனித்தனியே நோக்குவது பயன்தரும்.

காளிதாஸின் வாதம் சட்டப்படி நிற்காது. ஒரே குற்றத்திற்காக ஒருவரை இருமுறை வழக்கிட்டுத் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(2)-ஆம் உறுப்பு கூறுகிறது. முதல் வழக்கில் சொல்லப்பட்ட கொலை நிகழவே இல்லை. இரண்டாவது வழக்கிலுள்ள கொலை பின்னர் நிகழ்ந்த வேறொரு செயல். ஆகவே இரட்டைத் தண்டனைத் தடை இங்குப் பொருந்தாது. எனினும் அவர் கேட்பது சட்ட விலக்கை மட்டுமன்று. அரசு தன் பிழைக்குக் கணக்குத் தீர்க்குமா என்பதே அவருடைய கேள்வி. கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுபவரின் உடல் கிடைக்காத நிலையில் கொலைத்தண்டனை விதிப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல் வலியுறுத்தியிருந்தார். இறந்ததாகக் கருதப்பட்டவர் பின்னாளில் உயிரோடு திரும்பிவருவது என்பது ஏட்டுக் கற்பனையன்று, நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அஞ்சிவந்த ஒன்று. காளிதாஸ் சிறையோடு தப்பினார். முதல் வழக்கிலேயே தூக்கிலிடப்பட்டிருந்தால் அக்கேள்வியைக் கேட்க எவரும் எஞ்சியிருக்கமாட்டார். மரண தண்டனைக்கு எதிரான வாதத்தைப் படம் தன் முதற்காட்சியிலேயே முன்வைத்துவிடுகிறது.

காலியாவின் நிலை வேறு. இங்குக் கண்ணால் கண்ட சாட்சி எவரும் முன்வரவில்லை, சூழ்நிலைகளே பேசுகின்றன. இத்தகைய சாட்சியத்தை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை 1952-ஆம் ஆண்டின் ஹனுமந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது. சூழ்நிலைகள் ஒவ்வொன்றும் ஐயமற மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவை இணைந்து குற்றத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடமளிக்காத முழுச் சங்கிலியாக அமைய வேண்டும் என்பது அத்தீர்ப்பு வகுத்த அளவுகோல். ஆனால் காலியா ஏற்கெனவே திருடர் என அறியப்பட்டவர். ஒருவரின் முந்தைய கெட்ட நடத்தையைக் குற்றத்திற்குச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் பொது விதியாக இருந்தது. நடைமுறையிலோ அவரைக் கண்டவுடனேயே சங்கிலியின் விடுபட்ட கண்ணிகளைச் சந்தேகம் தானே நிரப்பிவிடுகிறது.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலனிய வரலாறு உண்டு. 1871-இல் முதன்முதலாக இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், பிறப்பைக் கொண்டே மக்களைக் குற்றவாளிகளாக வகைப்படுத்தியது. அச்சட்டம் 1952-இல்தான் நீக்கப்பட்டது. வழக்கமான குற்றவாளிகள் குறித்த மாநிலச் சட்டங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அந்நீக்கத்திற்கு ஓராண்டு முன்பு வெளிவந்த இராஜ் கபூரின் 'ஆவாரா' (1951), திருடரின் மகன் திருடனாகவே இருப்பான் என்று நம்பும் ஒரு நீதிபதியைக் காட்டியது. அவர் அந்நம்பிக்கையின் பேரில் தண்டித்த ஜக்கா, குற்றமற்றவராகச் சிறை சென்று கொள்ளைக்காரராக வெளிவருகிறார். சட்டத்தின் பிழையே ஒரு குற்றவாளியை உருவாக்குகிறது என்ற கருத்து, 'ஆவாரா'வின் ஜக்காவிலிருந்து 'கானூ'னின் காளிதாஸ் வரை தொடர்கிறது.

'ஆவாரா'வில் அந்த நீதிபதியாக நடித்தவர் பிருத்விராஜ் கபூர். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராகவும் இருந்த அவரே, மரண தண்டனையை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை 1958-இல் அவையில் முன்மொழிந்தார். விவாதத்திற்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1956-இல், இதே நோக்கத்துடன் மக்களவையில் முகுந்த் லால் அகர்வால் கொண்டுவந்த தனிநபர் மசோதா தோற்கடிக்கப்பட்டிருந்தது. 'கானூன்' வெளிவந்த பின்னரும் இம்முயற்சிகள் ஓயவில்லை. 1962-இல் மக்களவையில் எழுந்த விவாதத்தின் விளைவாக இப்பொருள் சட்ட ஆணையத்திடம் சென்றது. ஆணையத்தின் 35-ஆவது அறிக்கை 1967-இல் வெளிவந்தது. இந்தியச் சமூகச் சூழலில் மரண தண்டனையை நீக்கிப் பார்க்கும் சோதனையில் இறங்க இயலாது என்பதே அதன் முடிவு.

இக்காலத்திலேயே தண்டனைச் சட்டத்தின் நடைமுறையும் மாறியது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367(5)-ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் வேறு தண்டனை விதிக்கும் நீதிபதி, ஏன் மரண தண்டனை விதிக்கவில்லை என்பதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. அதாவது தூக்கே விதி, உயிரை விட்டுவைப்பது விலக்கு. 1955-ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கட்டாயத்தை நீக்கியது. ஆயினும் தூக்குத் தண்டனைக்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்ற எதிர்நிலை விதி 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளில், உயிரா சிறையா என்ற தேர்வு நீதிபதியின் விருப்புரிமையில் தங்கியிருந்தது. 'கானூன்' அவ்விடைவெளியில் பிறந்த படம். அதன் நாடகம் முழுவதும் ஒரு நீதிபதியின் மனச்சான்றைச் சுற்றி அமைந்திருப்பதற்கு இந்தச் சட்டநிலையும் ஒரு பின்னணி.

பாடல்களின் இன்மையையும் இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். பாடல் இல்லாத முதல் இந்தியப் படம் 'கானூன்' அன்று. இந்தியில் வாடியா நிறுவனத்தின் 'நௌஜவான்' (1937), கே. ஏ. அப்பாஸின் 'முன்னா' (1954) ஆகியவை முன்னரே வந்துவிட்டன. தமிழில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954), ஒரு கொலையைப் பற்றிய முரண்பட்ட கூற்றுகளைப் பாடலோ நடனமோ இன்றி அடுக்கிக் காட்டியது. 'அந்த நாள்', 'கானூன்' ஆகிய இரண்டுமே சாட்சியத்தை மையமாகக் கொண்ட குற்றப் படங்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அக்கால வெகுமக்கள் திரைப்படத்தில் பாடல் என்பது கதைமாந்தரின் உள்ளத்தைப் பார்வையாளருக்கு நேரடியாகத் திறந்துகாட்டும் வழி. பாடும் ஒருவர் பார்வையாளரிடம் பொய் சொல்வதில்லை. பாடலை நீக்கியதும் அவ்வழி அடைபடுகிறது. பத்ரி பிரசாத்தின் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய, நீதிமன்றத்திற்கு வாய்ப்பதைப் போலவே பார்வையாளருக்கும் முகமும் சொல்லும் செயலும் மட்டுமே எஞ்சுகின்றன. சலில் சௌத்ரியின் பின்னணி இசையும் அக்தர் உல் ஈமானின் உரையாடலும் அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றன என்பதைவிட, அதன் இறுக்கத்தைக் காத்துநிற்கின்றன என்பதே பொருந்தும்.

இனி மூன்றாமவர். பத்ரி பிரசாத்தின் மீதான சந்தேகம் சூழ்நிலையிலிருந்து எழுந்ததன்று, பகையிலிருந்து எழுந்ததுமன்று. அவரை நன்கறிந்த, அவரை மதிக்கின்ற, அவர் குற்றவாளி என்றால் தன் வாழ்வே சிதையும் என்ற நிலையிலுள்ள ஒருவர் தம் கண்ணால் கண்டது அது. இதைவிடச் சிறந்த சாட்சி எந்த நீதிமன்றத்திற்கும் கிடைப்பதரிது.

இவ்விடத்தில் சென்னை மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கு நினைவுக்குரியது. 'கானூ'னுக்கு மூன்றாண்டுகள் முன்பு, 1957-இல், வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கேள்வியை எதிர்கொண்டது: ஒரே ஒரு கண்சாட்சியின் அடிப்படையில் ஒருவரைக் கொலைக் குற்றத்தில் தண்டிக்கலாமா? எந்தவொரு நிகழ்வை மெய்ப்பிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற எண்ணிக்கை தேவையில்லை எனச் சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு அப்போது கூறியது. இதனை அடியொற்றி, சாட்சிகளை முழுமையாக நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர் என நீதிமன்றம் மூவகைப்படுத்தியது. முதல்வகைச் சாட்சி ஒருவரே போதும் என்று தீர்ப்பளித்து மரண தண்டனையையும் உறுதிசெய்தது. சாட்சிகளின் எண்ணிக்கை குறைவு என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்பதும் அத்தீர்ப்பின் நிலைப்பாடு. இந்த மூவகைப் பாகுபாடு இன்றுவரை இந்திய நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

அப்பாகுபாட்டின்படி கைலாஷ் ஐயத்துக்கிடமின்றி முதல்வகையைச் சேர்ந்தவர். அவரிடம் பொய் இல்லை, உள்நோக்கம் இல்லை, தடுமாற்றம் இல்லை. எனினும் அவர் கண்டது தவறு. நேர்மை வேறு, பிழையின்மை வேறு என்ற எளிய உண்மையைப் படம் இங்கு நிறுவுகிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கைலாஷ் கண்டதைப் பார்வையாளரும் கண்டிருக்கிறார். அசோக் குமாரின் முகத்தைத் திரையில் கண்டு, இவரே கொலையாளி என்று உறுதிகொண்டு, அவருக்குத் தண்டனை கிடைக்காதா என்று நெடுநேரம் காத்திருந்தவர் பார்வையாளர். இறுதியில் அந்த உறுதி தகர்கிறது. அரங்கம் முழுவதும் கண்சாட்சியாக இருந்தும் ஒரு நிரபராதியைத் தூக்குமேடைக்கு அனுப்ப ஆயத்தமாக இருந்தது என்பதே அத்திருப்பத்தின் பொருள். மரண தண்டனைக்கு எதிராகக் கைலாஷ் பேசும் நெடிய உரைகளைவிட இந்த அனுபவம் வலிமையானது.

உருவ ஒற்றுமை என்பது நம்பத்தகாத உத்தி என்ற குறைகூறலுக்கும் வரலாற்றில் விடை உண்டு. இலண்டனில் அடால்ஃப் பெக் என்பவரைப் பல பெண்கள் தம்மை ஏமாற்றியவராக அடையாளம் காட்டினர். 1896-இல் தண்டனை பெற்ற அவர், 1904-இல் மீண்டும் அதே வகையில் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார். உண்மைக் குற்றவாளி பிடிபட்ட பிறகே அவர் விடுவிக்கப்பட்டார். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907-இல் உருவாக அவ்வழக்கு ஒரு முக்கியக் காரணம். 'கானூ'னுக்கு நான்காண்டுகள் முன்பு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'தி ராங் மேன்' (1956), அடையாளப் பிழையால் கொள்ளைக்காரராகக் கைதான நியூயார்க் இசைக்கலைஞர் ஒருவரின் உண்மைக் கதை. அங்கும் தோற்றத்தில் ஒத்த வேறொருவர் பிடிபடுவதே விடுதலைக்கு வழியாகிறது. ஹிட்ச்காக் அந்த உண்மை நிகழ்வை ஏறத்தாழ ஆவணப்படத்தின் தன்மையோடு எடுத்தார். சோப்ரா அதே வகைப் பிழையை நீதிபதியின் இருக்கைக்கே கொண்டுசென்றார்.

எனினும் படத்தின் வரம்பு தொடங்குவதும் இங்கேதான். கொலையாளி வேறொருவர் என்றானதும் பத்ரி பிரசாத் மாசற்றவராகிறார். அவரோடு நீதித்துறையும் மாசற்றதாகிறது. பிழை என்பது எவருடைய குற்றமுமல்லாத, இயற்கை செய்த விளையாட்டாக மாறிவிடுகிறது. காளிதாஸின் பத்தாண்டுகளைப் பறித்தது இயற்கையன்று. அவ்வழக்கில் புலனாய்வு செய்த காவலர், வழக்கை நடத்திய வழக்கறிஞர், தீர்ப்பெழுதிய நீதிபதி என ஒரு நிறுவனமே அதன் பின்னால் இருந்தது. அந்த நிறுவனத்தின் பொறுப்பைப் படம் முதற்காட்சியில் தொட்டுவிட்டு விலகுகிறது. நீதிபதியைக் குற்றவாளியாகக் காட்டத் துணிந்த படம், அவர் குற்றவாளியாக இருக்கவியலாது என்ற ஆறுதலோடு பார்வையாளரை வீட்டிற்கு அனுப்புகிறது.

காலியாவின் விடுதலையும் இதே ஐயத்தை எழுப்புகிறது. அவர் உயிர் பிழைப்பதற்குக் காரணம் சட்டம் வழங்கிய பாதுகாப்பன்று. வசதியும் கல்வியும் உள்ள ஒரு வழக்கறிஞர், கொலை நிகழ்ந்த அறைக்கு அருகில் தற்செயலாக மறைந்திருந்ததே காரணம். அத்தகைய தற்செயல் வாய்க்காத ஏழைகளின் நிலை என்ன? இலவச சட்ட உதவி குறித்த 39அ உறுப்பு அரசியலமைப்பில் சேர்ந்தது 1976-இல். மரண தண்டனையை உறுதிசெய்த 1980-ஆம் ஆண்டின் பச்சன் சிங் வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கிய ஒரே நீதிபதியான பி. என். பகவதி, 1982-இல் தம் காரணங்களை வெளியிட்டபோது, இத்தண்டனை பெரிதும் ஏழைகள் மீதே விழுகிறது என்பதை விரிவாக எடுத்துரைத்தார். பல்ஷிகரின் காலியா கூண்டில் நின்று நடுங்கும் காட்சிகளுக்குப் பொருத்தமான சட்ட உரை அத்தீர்ப்பில்தான் கிடைக்கிறது.

காளிதாஸின் கேள்விக்கும் ஒரு பகுதி விடை பின்னாளில் வந்தது. பீகாரைச் சேர்ந்த ருதுல் சா 1968-இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பின்னரும் 1982 வரை, பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம், அரசு ஏற்கெனவே அளித்த 5,000 ரூபாய்க்கு மேலாக 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடாக வழங்க ஆணையிட்டது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசு பணமாக ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு அத்தீர்ப்பு அடித்தளமிட்டது. ஆனால் பிழையாக வழக்குத் தொடரப்பட்டோருக்குச் சட்டபூர்வமான இழப்பீட்டுக் கட்டமைப்பு வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ஆம் ஆண்டின் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்த பிறகும், 2023-ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அத்தகைய தனிக் கட்டமைப்பை ஏற்படுத்தவில்லை. ஈடு கேட்பவர் இன்றும் ரிட் மனுவையோ உரிமையியல் வழக்கையோ நாடி அலைய வேண்டியுள்ளது.

'கானூ'னை வெறும் வடிவச் சோதனையாகப் படிப்பது இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது. பிழை நேராத சாட்சியம் என ஒன்றில்லை என்பதை அது மூன்று மனிதர்களைக் கொண்டு நிறுவியது. உடல் இல்லாத கொலை, சூழ்நிலையின் சங்கிலி, நேர்மையான கண்சாட்சி என மூன்றும் அதில் பொய்த்துப்போகின்றன. ஆனால் அப்பிழைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் இடத்தில் அது நின்றுவிட்டது. மூவரில் இருவரைக் கதை காப்பாற்றுகிறது. நீதிபதிக்கு அவருடைய பெயர் திரும்பக் கிடைக்கிறது, திருடருக்கு அவருடைய உயிர் திரும்பக் கிடைக்கிறது. காளிதாஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பார்வையாளர் நினைவில் இறுதித் திருப்பம் தங்கியிருக்கலாம். சட்ட வரலாற்றுக்கு அப்படம் விட்டுச்சென்ற கேள்வியோ காளிதாஸ் கேட்டதுதான்.